அயல்நாட்டு வாணிகமும் அரசின் கொள்கையும்

உலகில் எந்த நாடும் தனக்கு வேண்டிய பொருள்கள் அனைத்தையும் தானே ஆக்கிக்கொள்வதில்லை. ஒரு நாட்டில் நெல் மிகுதியாக விளைகின்றது. மற்றொரு நாட்டில் நிலத்தடியில் எண்ணெய் ஊறுகின்றது. பிறிதொரு நாட்டார் இயந்திரம் செய்வதில் வல்லவராக விளங்குகின்றனர். தம்மிடம் மிகுந்ததைக் கொடுத்துத் தமக்குக் குறைந்ததைப் பெறுதலே வாணிகம். அது நாட்டின் எல்லையைக் கடந்து நிகழும்போது அயல்நாட்டு வாணிகம் எனப்படும். பிற நாடுகளுக்கு அனுப்புவதை ஏற்றுமதி என்றும், பிற நாடுகளிலிருந்து வருவிப்பதை இறக்குமதி என்றும் கூறுவர்.

இவ்வாணிகம் அரசின் பார்வையில்படாமல் எக்காலத்தும் நடந்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கடலிலிருந்து கரைக்கு வந்த பொருள்களுக்கும், கரையிலிருந்து கடலுக்குச் சென்ற பொருள்களுக்கும் சோழ மன்னனின் அலுவலர்கள் சுங்கம் பெற்றுப் புலி முத்திரை இட்டனர் என்னும் செய்தியைப் பட்டினப்பாலை தருகின்றது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதே சோழ நாட்டை ஆண்ட முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று புகழப்பெற்றான். ஒரு காலத்தில் சுங்கம் வாங்குதல் அரசின் கடமையாகக் கருதப்பட்டது. மற்றொரு காலத்தில் அதனைத் தவிர்த்தல் அரசனுக்குப் புகழாயிற்று. ஆகவே, வாணிகத்தின் வாயிலை எந்த அளவு திறப்பது, எந்த அளவு அடைப்பது என்னும் வினா மிகப் பழையதாகும்.

விடுதலை பெற்ற இந்தியாவும் இவ்வினாவிற்கு விடை காண முயன்றது. முதல் நாற்பது ஆண்டுகளில் ஒரு விடையும், 1991-ஆம் ஆண்டிற்குப் பின் வேறொரு விடையும் கூறப்பட்டன. அவ்விரண்டினால் நாட்டின் வாணிகம் எவ்வாறு உருமாறிற்று என்பதை அறிந்துகொள்ளுதல் மாணவர்க்கு இன்றியமையாதது.

வாயிலை அடைத்த காலம்

1947-இல் இந்தியா விடுதலை பெற்றபோது அதன் ஏற்றுமதியில் தேயிலை, சணற்பொருள், பருத்தித் துணி ஆகிய மூன்றே பெரும்பங்கு வகித்தன. இயந்திரங்களையும் பிற ஆலைப் பொருள்களையும் நாடு வெளியிலிருந்தே பெற்று வந்தது. மூலப்பொருளை விற்று, ஆக்கிய பொருளை வாங்கும் நிலை அடிமை நாட்டின் நிலை எனத் தலைவர்கள் எண்ணினர். நம் நாட்டிலேயே எஃகும் இயந்திரமும் செய்தல் வேண்டும். அதுவரை இளந்தொழில்களை அயல்நாட்டுப் போட்டியிலிருந்து காத்தல் வேண்டும் என்று அவர்கள் கருதினர். இளஞ்செடிக்கு வேலி இடுதல் போன்றது இக்கருத்து. இதனைப் பிழையென்று எவரும் எளிதில் தள்ளிவிட இயலாது.

மற்றொரு காரணமும் இருந்தது. அயல்நாட்டார் நம் ரூபாயை வாங்கிக்கொண்டு பொருள் தருவதில்லை. டாலர், பவுன் போன்ற பிறநாட்டுப் பணம் வேண்டும். இதற்கு அந்நியச் செலாவணி என்று பெயர். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956-இல் தொடங்கியது. ஆலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களை வாங்கியதில் கையிருப்பு விரைந்து கரைந்தது. 1957-இல் செலாவணித் தட்டுப்பாடு கடுமையாயிற்று. அதன்பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது.

அக்கட்டுப்பாடு நடைபெற்ற முறை இது. வெளிநாட்டிலிருந்து ஒரு பொருளை வருவிக்க விரும்புவோர் லைசென்சு எனப்படும் உரிமச் சீட்டைப் பெறுதல் வேண்டும். அப்பொருள் தமக்கு இன்றியமையாதது என்றும், உள்நாட்டில் கிடைக்காதது என்றும் அவர்கள் மெய்ப்பித்தல் வேண்டும். விண்ணப்பம் பல அலுவலகங்களைக் கடந்து செல்லும். உரிமம் கிடைத்தாலும் அளவு குறிக்கப்பட்டிருக்கும். மக்கள் நேரே நுகரும் பொருள்கள் பெரும்பாலும் தடுக்கப்பட்டன. அனுமதிக்கப்பட்டவற்றின் மீதும் சுங்கவரி மிக உயர்ந்திருந்தது. 1990-91-ஆம் ஆண்டில் சில பொருள்களுக்கு நூற்றுக்கு முந்நூறுக்கு மேலும் வரி விதிக்கப்பட்டது. அதாவது, 100 ரூபாய் மதிப்புள்ள பொருளுக்கு வரி மட்டும் 300 ரூபாய்க்கு மேல் ஆகும்.

வேலியினால் நன்மை விளையாமல் இல்லை. எஃகு, உரம், மருந்து, இயந்திரம் முதலியன நாட்டிலேயே உருவாயின. பொறியாளரும் தொழில்நுட்பம் அறிந்தோரும் பெருகினர். ஆயினும் செடி மரமான பின்பும் வேலி அகற்றப்படவில்லை. போட்டி இல்லாத இடத்தில் பொருளின் தரத்தை உயர்த்தவும் விலையைக் குறைக்கவும் முயல்வோர் சிலரே. உரிமச் சீட்டே விலைபோகும் சரக்காகவும் மாறிற்று. நல்ல பொருள் செய்பவனைவிட, உரிமம் பெறும் வழி அறிந்தவனுக்கு ஊதியம் மிகுந்தது.

ஒரே வாயில்

இறக்குமதியைத் தடுத்தால் நாட்டின் பணம் வெளியே செல்லாது. ஏற்றுமதியோ முன்போல் நடைபெறும் என்று பலர் எண்ணினர். உண்மை வேறாக இருந்தது. இறக்குமதியும் ஏற்றுமதியும் இரண்டு தனி வாயில்கள் அல்ல. ஒரே வாயிலின் வழியே இரண்டும் நடைபெறுகின்றன. ஒன்றை அடைத்தால் மற்றொன்றும் அடைபடும்.

இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, ஏற்றுமதிப் பொருளைச் செய்வதற்கே இறக்குமதி வேண்டும். பின்னலாடை நெய்பவனுக்கு நல்ல ஊசியும் சாயமும் இயந்திரமும் தேவை. அவை வரியினாலும் தாமதத்தினாலும் விலையேறினால் அவன் ஆடையும் விலையேறும். உலகச் சந்தையில் அது விலைபோகாது. இரண்டாவது, காப்பில் வளர்ந்த உள்நாட்டுச் சந்தையில் எளிதாக ஊதியம் கிடைக்கும்போது, கடல் கடந்து சென்று போட்டியிட எவரும் முனைவதில்லை. மூன்றாவது, இறக்குமதியை உரிமத்தால் அடக்கி வைத்தமையால் ரூபாயின் மதிப்பு செயற்கையாக உயர்ந்தே நின்றது. ஏற்றுமதி செய்தவன் ஈட்டிய டாலருக்குக் குறைந்த ரூபாயே கிடைத்தது.

விளைவு எளிதில் விளங்கும். 1950-ஐ ஒட்டிய காலத்தில் உலக ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆக இருந்தது. 1990-ஐ ஒட்டிய காலத்தில் அது ஏறத்தாழ அரைப் பங்காகச் சுருங்கிற்று. இந்தியாவின் ஏற்றுமதி குறைந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. உலகம் விரைந்து நடக்க, இந்தியா மெல்ல நடந்தது என்பதே பொருள்.

இக்குறையைப் போக்க முன்பும் ஒருமுறை முயற்சி நடந்தது. 1966 ஜூன் 6-ஆம் நாள் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடும் ஓரளவு தளர்ந்தது. ஆனால் அக்காலத்தில் மழை பொய்த்தது, விலைவாசி ஏறியது, எதிர்பார்த்த அயல்நாட்டு உதவியும் போதிய அளவில் வரவில்லை. மக்கள் மதிப்புக் குறைப்பையே பழித்தனர். சில ஆண்டுகளுக்குள் கட்டுப்பாடு மீண்டும் இறுகியது. எண்பதுகளில் சிறிது சிறிதாகத் தளர்த்திய போதிலும் அடிப்படை மாறவில்லை.

பொன் அடகு சென்ற ஆண்டு

1990 ஆகஸ்டு மாதத்தில் ஈராக்கு குவைத்தின்மீது படையெடுத்தது. எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாடுகளில் உழைத்த இந்தியர் பலர் ஊர் திரும்பினர். அவர்கள் அனுப்பி வந்த பணம் குறைந்தது. பெரிதும் பொருள் வாங்கிவந்த சோவியத்து நாடும் நலிந்து, 1991 இறுதியில் கலைந்தது. இந்தியாவிற்குக் கடன் கொடுக்க அயல்நாட்டு வங்கிகள் தயங்கின. 1991-இன் நடுவில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறத்தாழ 110 கோடி டாலராகக் குறைந்தது. இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே அது போதுமானது. அதன்பின் எண்ணெய்க்கும் உரத்திற்கும் பணம் இல்லை. வாங்கிய கடனைத் தவணை தவறிய நாடு என்ற இழிவு வாயிலில் வந்து நின்றது.

வழக்கமாகக் குடும்பத்தில் பெருந்துன்பம் வரும்போது நகையை அடகு வைப்பர். நாடும் அதனையே செய்தது. 1991 மே மாதத்தில் 20 டன் பொன் மீட்டுக்கொள்ளும் உரிமையோடு விற்கப்பட்டது. ஜூலையில் ஏறத்தாழ 47 டன் பொன்னை இந்திய ரிசர்வ் வங்கி விமானத்தில் இலண்டனுக்கு அனுப்பியது. அதனை ஈடாக வைத்து ஏறத்தாழ 40 கோடி டாலர் கடன் பெறப்பட்டது. பொன்னைக் குடும்ப மானமாகப் போற்றும் நாட்டில் இச்செய்தி மக்கள் மனத்தை வருத்தியது. அவ்வாண்டு முடிவதற்குள் அக்கடன் அடைக்கப்பட்டது எனினும், பழைய வழியில் இனிச் செல்ல இயலாது என்பதை அனைவரும் உணர்ந்தனர்.

அப்போது பி. வி. நரசிம்மராவ் தலைமை அமைச்சர், மன்மோகன் சிங் நிதி அமைச்சர், ப. சிதம்பரம் வாணிகத் துறையின் பொறுப்பை ஏற்றிருந்தார். 1991 ஜூலை 1-ஆம் நாளும் 3-ஆம் நாளும் ரூபாயின் மதிப்பு இரு தவணையாகக் குறைக்கப்பட்டது. ஏறத்தாழ 21 ரூபாயாக இருந்த டாலர் ஏறத்தாழ 26 ரூபாய் ஆயிற்று. 4-ஆம் நாள் புதிய வாணிகக் கொள்கை அறிவிக்கப்பட்டது.

மதிப்புக் குறைப்பின் பயனை ஓர் எடுத்துக்காட்டினால் அறியலாம். ஒருவன் ஒரு சட்டையை 10 டாலருக்கு அயல்நாட்டில் விற்கின்றான் என்று கொள்வோம். முன்பு அவனுக்கு 210 ரூபாய் கிடைத்தது. இப்போது 260 ரூபாய் கிடைக்கும். அவன் விரும்பினால் விலையை 9 டாலராகக் குறைத்து மேலும் பல சட்டைகளை விற்கலாம்; அப்போதும் சட்டை ஒன்றுக்கு 234 ரூபாய் வரும். ஆனால் அயல்நாட்டு எண்ணெயை வாங்குபவன் முன்னினும் மிகுதியான ரூபாய் கொடுத்தல் வேண்டும். ஆகவே ஏற்றுமதி ஊக்கம் பெறுகின்றது; இறக்குமதி தானே அளவுபடுகின்றது. உரிமச் சீட்டு செய்த வேலையை விலை செய்கின்றது.

இம்மாற்றம் ஒரே நாளில் முற்றுப்பெறவில்லை. முதலில், ஏற்றுமதி செய்பவர் தாம் ஈட்டியதில் நூற்றுக்கு 30 பங்கு அளவிற்கு இறக்குமதி செய்துகொள்ளும் சீட்டு வழங்கப்பட்டது. அதனைப் பிறருக்கு விற்கவும் அனுமதி இருந்தது. ‘விற்றவனே வாங்கலாம்’ என்பது அதன் கருத்து. 1993 மார்ச்சு முதல் ரூபாயின் மதிப்பைச் சந்தையே பெரிதும் உறுதி செய்தது. ஏற்றுமதி இறக்குமதிகளைக் கட்டுப்படுத்துவதற்கென 1947-இல் இயற்றப்பட்ட சட்டம் நீக்கப்பட்டு, 1992-இல் அயல்நாட்டு வாணிகத்தை வளர்த்து ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. முந்தைய சட்டத்தின் பெயரில் ‘கட்டுப்பாடு’ இருந்தது. பிந்தையதன் பெயரில் ‘வளர்ச்சி’ முன்னின்றது. கொள்கையின் மாற்றத்தை அப்பெயர்களே காட்டும்.

சுங்கவரியும் படிப்படியாகத் தாழ்ந்தது. பெரும்பாலான ஆலைப் பொருள்களுக்குரிய உச்ச வரி 1991-இல் நூற்றுக்கு 150 ஆகவும், 1995-இல் 50 ஆகவும், 2007-இல் 10 ஆகவும் குறைக்கப்பட்டது. 1995 ஜனவரி 1-ஆம் நாள் தொடங்கிய உலக வர்த்தக நிறுவனத்தில் இந்தியாவும் உறுப்பாயிற்று. அதன் தீர்ப்பிற்கு இணங்க, மக்கள் நுகரும் பொருள்களின் மீது எஞ்சியிருந்த அளவுத் தடைகள் 2001 ஏப்பிரல் 1-ஆம் நாளோடு பெரும்பாலும் நீங்கின.

உருமாறிய வாணிகம்

1990-91-இல் இந்தியாவின் சரக்கு ஏற்றுமதி ஏறத்தாழ 1,800 கோடி டாலர். 2000-01-இல் அது ஏறத்தாழ 4,450 கோடியாகவும், 2010-11-இல் ஏறத்தாழ 25,000 கோடியாகவும், 2022-23-இல் ஏறத்தாழ 45,000 கோடியாகவும் உயர்ந்தது. ஒரு காலத்தில் மூன்று வார இறக்குமதிக்குப் போதாதிருந்த செலாவணிக் கையிருப்பு, பின்னர் 60,000 கோடி டாலரைக் கடந்தது.

அளவைவிட வாணிகத்தின் தன்மையே பெரிதும் மாறியது. பொறியியற் பொருள்களும் மருந்துகளும் சுத்திகரித்த எண்ணெயும் தேயிலையையும் சணலையும் பின்னுக்குத் தள்ளின. இவற்றுள் சிலவற்றை ஆராய்ந்தால் ‘ஒரே வாயில்’ என்னும் உண்மை தெளிவாகும். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகின்றது. ஆயினும் அதனைச் சுத்திகரித்துப் பிற நாடுகளுக்கும் விற்கின்றது. பட்டை தீட்டாத வைரம் வெளியிலிருந்து வருகின்றது. சூரத்து நகரத்துத் தொழிலாளர் கைப்பட்டு ஒளிர்ந்து மீண்டும் கடல் கடக்கின்றது. இறக்குமதி இல்லையேல் இவ்வேற்றுமதிகள் இல்லை.

கண்ணுக்குப் புலப்படாத சரக்கும் பெருகிற்று. கணிப்பொறிக்கு வேண்டிய நிரல்களை எழுதி அனுப்பும் தொழிலுக்குக் கப்பலும் வேண்டா, துறைமுகமும் வேண்டா. ஆனால் கணிப்பொறி வேண்டும். அதனைத் தடையின்றி வருவிக்க வழி பிறந்தபின் பெங்களூர், ஐதராபாத்து, சென்னை முதலிய நகரங்களில் இத்தொழில் தழைத்தது. இது போன்ற பணிகளின் ஏற்றுமதி 2022-23-இல் ஏறத்தாழ 32,500 கோடி டாலராக இருந்தது.

தமிழ்நாட்டில் திருப்பூர் இம்மாற்றத்திற்குச் சிறந்த சான்று. உள்நாட்டிற்குப் பனியன் நெய்து வந்த அவ்வூர், எண்பதுகளில் ஏற்றுமதியில் இறங்கியது. ஏற்றுமதி செய்வதாக உறுதியளிப்போர் குறைந்த வரியில் இயந்திரம் வருவிக்கும் திட்டம் அதற்குத் துணையாயிற்று. சிறு பட்டறை வைத்திருந்தோர் பலர் அயல்நாடுகளுக்கு ஆடை அனுப்பும் ஆலையினர் ஆயினர். மழை பொய்த்த ஊர்களிலிருந்து வேலை தேடி வந்த ஆயிரக்கணக்கான மக்களுக்கு அந்நகர் வாழ்வளித்தது.

மறுபக்கம்

ஆயினும் இம்மாற்றத்தின் பயன் எல்லாருக்கும் ஒன்றுபோல் கிட்டவில்லை. வாயில் திறந்தபோது சிலர் வெளியே சென்று பொருள் ஈட்டினர். உள்ளே வந்த பொருளால் வேறு சிலர் வாழ்விழந்தனர்.

சமையல் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயைப் பெரும்பாலும் தானே உண்டாக்கியது. 1994-ஆம் ஆண்டு முதல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் மலிந்த எண்ணெய் வந்தது. ஏழை இல்லத்தரசிக்கு அது நன்மையே. ஆனால் வானத்தை நம்பி நிலக்கடலை பயிரிட்ட உழவனுக்கு விலை கட்டவில்லை. திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளின் மானாவாரி நிலங்களிலும் இதன் தாக்கம் தெரிந்தது. மழைக் குறைவும் ஆட்குறைவும் உடன் சேரக் கடலைச் சாகுபடி தமிழ்நாட்டில் சுருங்கியது. இன்று இந்தியா உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் அயல்நாட்டுச் சரக்கு. எண்ணெய் வரியை உயர்த்தினால் உழவன் பிழைக்கின்றான். தாழ்த்தினால் அடுப்படியில் செலவு குறைகின்றது. அரசு இரண்டிற்கும் இடையே அடிக்கடி அலைகின்றது.

திருப்பூரின் வளமும் விலையின்றி வரவில்லை. சாயக் கழிவு நொய்யலாற்றில் கலந்தது. உழவர் பாசனத்திற்கென அவ்வாற்றின் குறுக்கே எழுப்பிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கியது. தண்ணீருக்கு ஏங்கும் உழவரே அந்நீர் வேண்டாவென மறுத்தனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவைத் தூய்மை செய்து நீரை மீண்டும் பயன்படுத்தும் முறையை மேற்கொண்ட பின்னரே ஆலைகள் திறக்கப்பட்டன. ஆடையின் விலையில் ஆற்றின் விலையைச் சேர்க்க மறந்ததன் பயன் அது.

வாயிலைத் திறந்ததே போதும் என்று எண்ணுதலும் தவறு. ஆயத்த ஆடைத் தொழில் நெடுங்காலம் சிறு தொழிலுக்கே ஒதுக்கப்பட்டிருந்தமையால் பெரிய ஆலைகள் எழவில்லை. துறைமுகங்களில் சரக்கு நாட்கணக்கில் காத்திருந்தது. அளவில் சிறிய வங்காளதேசம் ஆடை ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது. சாலையும் மின்சாரமும் கல்வியும் இல்லாத வீட்டிற்கு வாயில் மட்டும் அகன்றிருந்து என்ன பயன்? இன்றும் இந்தியா விற்பதைவிட வாங்கும் சரக்கே மிகுதி. 2022-23-இல் சரக்கு இறக்குமதி ஏறத்தாழ 71,000 கோடி டாலரைத் தாண்டியது.

மேலும், நம் வாயில் நம் கையில் உள்ளது; பிறர் வாயில் நம் கையில் இல்லை. செல்வ நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுதோறும் விதித்திருந்த அளவு 2004 இறுதியோடுதான் நீங்கிற்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது நூற்றுக்கு 50 வரை வரி விதித்தபோது திருப்பூர் ஆலையினர் கலங்கினர். ஒரே நாட்டை, ஒரே சரக்கை நம்பியிருத்தல் எத்துணை இடரானது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

முடிவுரை

வேலி இடுதலும் வாயில் திறத்தலும் தம்மளவில் நல்லனவும் அல்ல, தீயனவும் அல்ல. காலம் அறிந்து செய்தால் இரண்டும் பயன் தரும். இளந்தொழிலைக் காத்தல் நன்று; அது வளர்ந்த பின்னும் காத்தல் சோம்பலை வளர்க்கும். வாயிலைத் திறத்தல் நன்று. திறந்ததனால் தாழ்வுற்ற உழவனையும் தொழிலாளியையும் கைவிடுதல் அறமாகாது. திருந்திய கொள்கையினால் பெருகிய செல்வத்தில் ஒரு பங்கு, அதனால் இழப்புற்றோரைத் தாங்கவும், அவர்தம் மக்கட்குப் புதிய தொழில் கற்பிக்கவும் செலவிடப்படுதல் வேண்டும்.

சுங்கம் தவிர்த்த சோழனை மக்கள் புகழ்ந்தனர். சுங்கத்தை வாங்கினாலும் தவிர்த்தாலும் அதனால் குடிகள் வாழ்ந்தனரா என்று பார்ப்பதே அரசின் கொள்கையை அளக்கும் கோலாகும். நாளை இந்நாட்டை நடத்தவிருக்கும் மாணவர் அக்கோலைத் தம் கையில் ஏந்துவாராக.